பி.கே.வுக்குக் கேட்ட கேதம்

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போவதைக் கேதம் கேட்கப் போவது என்பார்கள். கேட்பது என்றால் உண்மையாகவே கேட்பதுதான். போனவர் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்பார். அதற்குள் நூறு பேருக்குச் சொல்லி முடித்திருந்தாலும் வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டது, படுத்தது, விடியக்காலம் நெஞ்சைப் பிடித்தது, கார் வரத் தாமதமானது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நடுவில் வந்தவர் இன்னொன்றும் கேட்பார்: "கடைசியா பேச்சு இருந்துச்சா?" இந்த இரண்டு கேள்வியும் இல்லாத கேதம் எங்கள் ஊர் எரியோட்டில் நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் எனக்கு இது பிடிக்காது. அழுது ஓய்ந்தவர்களை மறுபடியும் அழ வைக்கிறார்களே என்று இருக்கும். 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை அன்றுதான் அந்தக் கேள்விகளின் அருமை எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஒரு சாவு இருந்தது. கேட்க ஆள் இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்து நின்றது. கல்கத்தாவில் என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த நண்பர். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வங்காளத்தில் ஒரே வரி வந்தது. பிரதீப்தா போய்விட்டார்.

பிரதீப் குமார் பானர்ஜி. இந்தியா முழுக்க பி.கே., கல்கத்தாக்காரர்களுக்கு மட்டும் பிரதீப்தா, பிரதீப் அண்ணன். 83 வயது. மார்ச் மாத ஆரம்பத்திலிருந்தே வென்டிலேட்டரில் இருந்தார். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"யாருங்க?" என்றாள் மனைவி.

"பி.கே. பானர்ஜி. புட்பால் கோச்."

"உங்களுக்குப் பழக்கமா?"

என்ன சொல்வது? பழக்கம் இல்லை. ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படி ஒருவன் எரியோட்டில் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சொந்தத்தில் ஒரு பெரியவர் போனதுபோலத்தான் இருந்தது. டிவியைப் போட்டேன். எந்தச் சேனலைத் திருப்பினாலும் கொரோனா. ஞாயிற்றுக்கிழமை யாரும் வெளியே வரக் கூடாது, மக்கள் ஊரடங்கு என்று பிரதமர் முந்தின ராத்திரிதான் சொல்லியிருந்தார். சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். மில்லை மூடுவார்களா, வடக்கத்திப் பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்களா, கறிக்கடை திறக்குமா என்று அதே பேச்சு. பெஞ்சில் இருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் பி.கே. என்று சொன்னால் புரியாது. அவர்கள் மேல் குறையில்லை. 1,700 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு மனிதர் எனக்கு எப்படிச் சொந்தமானார் என்பதை டீ ஆறுவதற்குள் சொல்லிவிட முடியாது.

அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் சார் நினைவுக்கு வந்தார். அவருக்குத் தெரியும். அவருக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

எக்செல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சார் வீடு ஊரை விட்டுத் தள்ளி, முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே. புகையிலை வெட்டிய காட்டில் வெறும் கட்டைகள் நின்றன. போகிற வழியில் அந்தக் குளம் வரும். மழை பெய்தால் நாலு மாதம் குளம், மீதி எட்டு மாதம் எங்களுக்கு கிரவுண்டு. இப்போது சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தோல் பந்து இருந்தது. இப்போதைய பந்தைப் பார்த்தவர்களுக்கு அது விளங்காது. தோலுக்குள்ளே ரப்பர் பிளாடர். சைக்கிள் கடையில் காற்றடித்து, பிளாடரின் கழுத்தை மடக்கி, சணல் கட்டி உள்ளே தள்ளி, தோலின் வாயைச் செருப்பு தைப்பதுபோல் லேஸ் போட்டு இறுக்க வேண்டும். அந்த லேஸ் பக்கம் நெற்றியில் பட்டால் சாயங்காலம் வரைக்கும் தடம் இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி பந்துக்கு விளக்கெண்ணெய் போடுவது முறை வைத்து நடக்கும். என் முறை வரும்போது பந்தை மடியில் வைத்துத் தையல் தையலாகத் தேய்ப்பேன். அந்தத் தோல் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து மறுநாள் காலைவரை கையில் இருக்கும். கருவேல முள் குத்தி வாரத்துக்கு இரண்டு பஞ்சர். சார் தன் கைக்காசைப் போட்டு ஒட்டிக்கொண்டு வருவார்.

சனிக்கிழமை என்றால் இடக்கால் மேட்ச். அன்றைக்கு வலக்காலால் பந்தைத் தொட்டாலே பவுல். எல்லோர் வலது கணுக்காலிலும் ஒரு துணியைக் கட்டிவிடுவார், ஞாபகத்துக்கு. மாதத்துக்கு ஒரு நாள் இன்னொரு விதி. யாரும் பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. வந்ததும் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்கு அழுகையாக வரும். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியிலும் இப்படி ஒரு கூத்து கிடையாது. "யாரு சார் இதெல்லாம் கண்டுபுடிச்சது?" என்று கேட்டால், "ஹைதராபாத்ல ஒரு வாத்தியார்" என்பார்.

அந்த வாத்தியார் சையத் அப்துல் ரஹீம். நிஜமாகவே பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் சாகும்வரை இந்திய அணிக்குப் பயிற்சியாளர். இடக்கால் போட்டியும் பந்தைக் கடத்திக்கொண்டு ஓடக் கூடாத போட்டியும் ஹைதராபாத்தில் அவர் நடத்தியவை. நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் டிரில் சார் படித்தபோது அவரோடு ஹைதராபாத் பையன் ஒருவர் படித்தார். அவர் வாயால் கேட்டதை அப்படியே எரியோட்டுக் குளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார் சார். ரஹீமை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது.

மழை வந்து குளம் நிறைந்துவிட்ட நாட்களில் வகுப்பில் உட்கார வைத்து ஜகார்த்தா கதை சொல்வார். 1962 ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது இந்தியா. பிறகு தாய்லாந்தை ஜெயித்து, ஜப்பானை ஜெயித்து, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று தாண்டி, செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே தென்கொரியா. அரங்கம் முழுக்க நம் ஆட்களுக்கு எதிராகக் கூச்சல். இஸ்ரேலையும் தைவானையும் விளையாட்டுக்குள் விடாத விவகாரத்தில் இந்திய அதிகாரி ஒருவர் பேசிய பேச்சால் இந்தோனேசியர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். பின்கள ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். அவரைப் பின்னால் நிறுத்தாமல் முன்னால் அனுப்பினார் ரஹீம். 17ஆவது நிமிடத்தில் பி.கே. ஒரு கோல், 20ஆவது நிமிடத்தில் கட்டுப் போட்ட தலையோடு ஜர்னைல் ஒரு கோல். கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். அந்தப் பெயர் வரும் இடத்தில் சார் நிறுத்தி, "நம்மாளுடா" என்பார். கொரியாவால் ஒரு கோல்தான் திருப்பிக் கொடுக்க முடிந்தது. இந்தியா ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் வாங்கியது அதுதான் கடைசி.

அப்போது ரஹீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். ஒன்பது மாதம்தான் இருந்தார். 1963 ஜூன் 11ஆம் தேதி இறந்தார். கதையின் இந்த இடத்தைச் சார் எப்போதும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். பீரியட் முடிய நேரம் இருந்தாலும் வெளியே போய் நின்றுகொள்வார்.

1977 செப்டம்பரில் பெலே கல்கத்தா வந்தார். 24ஆம் தேதி ஈடன் கார்டனில் அவருடைய நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கும் கல்கத்தாவின் மோகன் பகான் கிளப்புக்கும் ஆட்டம். எங்கள் ஊருக்கு இந்து பேப்பர் மத்தியான பஸ்ஸில்தான் வரும். சார் அதை வாங்கிக்கொண்டு குளத்துக்கே வந்துவிட்டார். நாங்கள் சுற்றி உட்கார, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். சேறான மைதானம். மோகன் பகான் 2-1 என்று முன்னால் இருந்து, கடைசியில் ஒரு பெனால்டியால் 2-2. நாங்கள் பெலே, பெலே என்று குதித்தோம். சார் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "பெலே வந்தது பெருசுதான்டா. ஆனா அவனுக்கு எதிர நின்ன பதினோரு பேரும் நம்மள மாதிரி சோறு திங்கிறவங்க. அவங்களுக்குப் பயமே இல்ல பாரு. பயத்தை எடுத்தவன் யாரு தெரியுமா? பி.கே. ரஹீம் சாப்கிட்டப் படிச்சவன்."

அன்றைக்குத்தான் பி.கே. எனக்குச் சொந்தமானார் என்று நினைக்கிறேன். சாருக்கு ரஹீம் எப்படியோ அப்படி.

1984இல் மத்திய அரசு வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்குப் போனேன். லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் தங்கும் மெஸ் ஒன்றில் இடம். காலையில் சாம்பார் வாசனை, தெருமுனையில் மல்லிகைப்பூ. ஊரை விட்டு வந்ததே தெரியாது. டிராமில் ஏறி எஸ்பிளனேடில் இறங்கி மைதானப் பக்கம் நடந்தால்தான் வேறு உலகம். பச்சைப் புல்வெளியில் வரிசையாகக் கிளப்புகளின் கூடாரங்கள். மரப்பலகை காலரிகள். குதிரைமேல் போலீஸ். மழையில் நனைந்துகொண்டு டிக்கெட்டுக்கு நிற்கும் ஆயிரக்கணக்கான ஆட்கள். அவர்களைப் பார்த்ததும் நான் முதலில் நினைத்தது இதுதான்: எங்கள் சார் இங்கே பிறந்திருக்க வேண்டியவர்.

ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் ஈஸ்ட் பெங்கால் ரசிகர். கிழக்கு வங்காளத்துப் பரிசாலிலிருந்து பிரிவினையில் வந்த குடும்பம். அந்தக் கிளப் அவர்களுக்கு விட்டுவந்த ஊரின் பெயர். ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன். எதிரி மோகன் பகான் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இறால். மார்க்கெட்டில் அன்றைக்கு எந்த மீன் விலை ஏறியிருக்கிறது என்று பார்த்தே முடிவைச் சொல்லிவிடலாம் என்பார். அவர்தான் எனக்கு வங்காளம் கற்றுக்கொடுத்தார். பி.கே.யையும் அவர்தான் முழுசாகக் கற்றுக்கொடுத்தார்.

ஆட்டக்காரராக அவர் செய்ததே ஒருவருக்குப் போதும். ரயில்வே வேலைக்காரர். பெரிய கிளப் எதிலும் ஆடாமல் கிழக்கு ரயில்வேக்கே ஆடினார். 1958இல் கல்கத்தா லீக்கை அந்த ரயில்வே அணிக்கு வாங்கிக் கொடுத்தார். மூன்று பெரிய கிளப்புகளைத் தவிர வேறொரு அணி அந்த லீக்கை மறுபடி வாங்க 2019 வரை ஆனது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வந்த அணியில் இருந்தார். 1960 ரோமில் கேப்டன். பிரான்சுக்கு எதிராக கோல் போட்டு 1-1 என்று நிறுத்தினார். 1961இல் அர்ஜுனா விருது தொடங்கியபோது கால்பந்துக்கு முதல் விருது அவருக்கு.

நண்பர் இதையெல்லாம் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுவார். கோச் பி.கே. என்று ஆரம்பித்தால்தான் அவருக்குக் குரல் மாறும். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பகானைச் சாய்த்தது. கோச் பி.கே. அந்தத் தோல்வி தாங்காமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை விட்டார். மறு வருஷமே மோகன் பகான் அதே பி.கே.யைக் கூட்டிக்கொண்டு போனது. 1976 லீக்கில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக 17 விநாடியில் கோல். "எங்களை அடிக்கவும் அவரே சொல்லிக் கொடுத்தார்" என்பார் நண்பர். கோபமாகச் சொல்ல மாட்டார். மூத்த அண்ணன் பங்காளி வீட்டுக் கல்யாணத்தையும் முன்னே நின்று நடத்திக் கொடுத்ததைச் சொல்வதுபோல் சொல்வார். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு மனிதர் அந்த ஊரில் இருந்தார் என்றால் அவர்தான்.

அவருடைய வித்தைக்கு வோக்கல் டானிக் என்று ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் பெயர் வைத்திருந்தார்கள். வாயால் கொடுக்கும் சத்து மருந்து. ஆட்டத்துக்கு முன்னால் டிரெஸ்ஸிங் ரூமில் அவர் பேசுவது. அம்மாவைப் பற்றி, போட்டிருக்கும் சட்டையைப் பற்றி, கொட்டுகிற மழையில் வெளியே நிற்கும் ஜனங்களைப் பற்றிப் பேசிப் பேசி, சாதாரண ஆட்டக்காரனை ஒன்றரை மணி நேரத்துக்கு வேறு ஆளாக்கிவிடுவார். பேச்சால் என்ன ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு ஒத்துப்போக மாட்டேன். குளத்தில் இடக்காலைத் தூக்கவே பயந்த எங்களை, "அடிடா, அதுவும் உன் காலுதான்டா" என்ற ஒரு சத்தம்தான் அடிக்க வைத்தது.

அந்தச் சத்தத்தை பி.கே.யிடம் நான் நேரில் கேட்டது 1997 ஜூலையில். பெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் வந்துவிட்டன. ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே.; மோகன் பகானுக்கு அமல் தத்தா. தத்தாவும் பெரிய மனிதர்தான். கால்பந்துப் படச்சுருள்களையும் ப்ரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் காட்டியவர். அந்த வருஷம் அவருடைய டைமண்ட் வியூகம் கல்கத்தாவையே கிறுகிறுக்க வைத்திருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அவர் எதிரணியைச் சீண்டினார். பாய்ச்சுங்கை சுங் சுங் என்றார். ஒமோலோவை ஆம்லெட் என்றார். சோஸோ என்ற ஆப்பிரிக்க ஆட்டக்காரரை, வெள்ளரிக்காய்க்கு வங்காளத்தில் சொல்கிற பெயரால் ஷோஷா என்றார். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

நண்பர் என்னை ஒருநாள் காலையில் ஈஸ்ட் பெங்கால் கிரவுண்டுக்குக் கூட்டிப் போனார். ராத்திரி மழையில் புல் ஊறிக் கிடந்தது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நூறு நூற்றைம்பது பேர். உள்ளே 61 வயதுக்காரர் ஒருவர் தடித்த உடம்போடு நடந்துகொண்டிருந்தார். ஓடவில்லை. பந்தைத் தொடவில்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வரும்போது தோளில் கை போட்டுக் காதோடு எதையோ சொன்னார். பிறகு திடீரென்று எல்லோருக்குமாகக் குரலை எடுத்தார். வங்காளம், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் கலந்த அந்தக் குரல் வேலி தாண்டி எங்கள் மேல் வந்து விழுந்தது. வேலியைப் பிடித்திருந்த என் விரல் இறுகியது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. எரியோட்டுக் குளத்தங்கரையில் பேப்பரை மடித்துக்கொண்டு நின்ற சார் ஞாபகம் வந்து, அந்த வேலி ஓரத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நண்பர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. சால்ட் லேக் அரங்கில் 1,31,781 பேர். அந்த எண்ணைப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். உள்ளே இருக்கும்போது அது எண்ணாகத் தெரியாது, காதில் ஓர் அடைப்பாகத்தான் தெரியும். சுங் சுங் என்று சீண்டப்பட்ட பையன் மூன்று கோல் போட்டான். 4-1. மூன்றாவது கோலுக்குப் பிறகு நண்பர் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சுற்றிலும் குதிக்கிற கூட்டத்தில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் டிபன் கேரியரில் கடுகு அரைத்துவிட்ட இலிஷ் குழம்பு வந்தது. முள் எடுத்துச் சாப்பிடத் தெரியாமல் நான் தடுமாற, அவரே பிரித்துப் பிரித்து என் தட்டில் வைத்தார்.

இன்லேண்ட் லெட்டரில் சாருக்கு நாலு பக்கமும் நிரப்பி எழுதிப் போட்டேன். பதில் கார்டில் வந்தது. "என்ன பேசினான், ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்" என்றிருந்தது.

அந்தக் கார்டை நினைத்துக்கொண்டேதான் அன்றைக்குச் சார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. சாருக்கு 82 வயது. காது மந்தம், முழங்கால் இரண்டும் போய்விட்டன. கட்டிலை வாசலில் போட்டுப் படுத்திருந்தார். சாருடைய மனைவி, எங்களுக்கு அம்மா, முகத்தில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வந்து, "தள்ளி உக்காருப்பா, என்னமோ சீக்கு வருதாமே" என்று நாற்காலியைத் தூரமாகப் போட்டார்கள்.

காது கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "சார், பி.கே. பானர்ஜி தவறிட்டாரு."

சார் எழுந்து உட்கார்ந்தார். கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு கேட்டார். "எப்படி ஆச்சு?"

மத்தியானத்திலிருந்து நான் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான் என்று அப்போது தெரிந்தது. முதலிலிருந்து சொன்னேன். நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தது, மார்ச் மாதம் பிறந்ததிலிருந்து மெஷினில் வைத்திருந்தது, மத்தியானம் உயிர் பிரிந்தது. பத்து நாளைக்கு முன்னால்தான் மோகன் பகான் ஐஸ்வாலை 1-0 என்று ஜெயித்து ஐ-லீக் சாம்பியன் ஆனது. மார்ச் 15ஆம் தேதி ஈஸ்ட் பெங்காலோடு நடக்க வேண்டிய ஆட்டத்தைக் கொரோனாவால் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் சாகும்போது அந்த ஊரில் ஒரு மைதானத்திலும் பந்து உருளவில்லை. வேறு காலமாக இருந்தால் இரண்டு கிளப் கொடியோடும் லட்சம் பேர் திரண்டிருப்பார்கள். என் நண்பர் வீட்டை விட்டே வெளியே போகவில்லை. சர்க்கரை நோய்க்காரர், மகன் விடவில்லை. இவ்வளவையும் சொன்னேன்.

சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டாவது கேள்வி வந்தது.

"கடைசியா பேச்சு இருந்துச்சா?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. ஆயுள் முழுக்கப் பேசியே ஆட்களை எழுப்பிய மனிதர் அவர். தொண்டைக்குள் குழாயோடு கிட்டத்தட்ட மூன்று வாரம் கிடந்தார். செய்தியில் வென்டிலேட்டர் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சார் கேட்கும்வரை அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை.

"இல்ல சார். குழா வச்சிருந்தாங்க."

சார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து அம்மா பக்கத்தில் வந்து முதுகில் கை வைத்தார்கள். யாருக்காக என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் சேர்ந்து அழுதார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான். கேதத்துக்கு வந்தவளுக்கு அவளுடைய சாவுகளும் ஞாபகம் வந்துவிடும்.

அடங்கிய பிறகு, ஐம்பது வருஷமாக எங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சார் சொன்னார். 1963இல் படிப்பு முடிந்து வேலை ஆர்டருக்காக ஊரில் காத்திருந்த நேரம். ஹைதராபாத் தோழரிடமிருந்து ஒரு கார்டு வந்தது, ரஹீம் சாப் காலமாகிவிட்டார் என்று. சாவு நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எழவுக் காகிதத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று சாருடைய அப்பா வாசலிலேயே வாங்கிப் படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டார். யார் செத்தது என்று கேட்டதற்கு, "ஒரு வாத்தியார்" என்றாராம் சார். எங்கே, எந்தப் பள்ளிக்கூடம், எப்படி ஆச்சு என்று அப்பா கேட்டிருக்கிறார். ஒன்றுக்கும் சாரால் பதில் சொல்ல முடியவில்லை. கார்டில் அது எழுதியிருக்கவில்லை.

"அந்தக் கார்டைக் கிழிக்காம விட்டிருக்கலாம்டா" என்றார். "அதுல அவன் கையெழுத்தாச்சும் இருந்திருக்கும்."

அடுத்த புதன்கிழமையிலிருந்து நாடு பூட்டப்பட்டது. ஏப்ரல் 30ஆம் தேதி சுனி கோஸ்வாமி போனார். ஜகார்த்தா தங்கத்தின் கேப்டன். சாருக்குப் போனில்தான் சொன்னேன். காது கேட்காமல் அம்மாவிடம் கொடுத்து, அம்மா திருப்பிச் சொல்ல, "பேச்சு இருந்துச்சான்னு கேக்குறாருப்பா" என்றார்கள். மறு வருஷம் இரண்டாவது அலையில் சாரும் போய்விட்டார். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். சாரிடம் படித்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் ரோட்டு ஓரமாக, புளியமரத்தடியில் தள்ளித் தள்ளி நின்றோம். வண்டி எங்களைத் தாண்டும்போது ஒருவன் செருப்பைக் கழற்றினான். பிறகு எல்லோரும் கழற்றினோம்.

2023 பிப்ரவரி 16. கல்கத்தா நண்பர் கூப்பிட்டார். எடுத்ததும் அவர் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"தாதா, உங்க வீட்டு மனுஷர் போயிட்டார்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. யார் என்று கேட்டேன். துளசிதாஸ் பலராம். பி.கே., சுனி, பலராம் என்று கல்கத்தா ஒரே மூச்சில் சொல்லும் மூன்று பேரில் கடைசி ஆள். செகந்திராபாத் பக்கத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ரஹீம் கையில் வளர்ந்து, ஈஸ்ட் பெங்காலுக்குக் கேப்டனாக இருந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல் ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்தவர். நண்பர் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கும்பிட்ட பெயர். ஆனாலும் அவர் தமிழர், நான் தமிழன். அதனால் துக்கம் எனக்கு என்று முடிவு செய்துகொண்டு என்னிடம் கேதம் கேட்கிறார்.

மறுக்கத் தோன்றவில்லை. திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் கேட்டார், நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மெல்பர்ன், ரோம், ஜகார்த்தா. நெஞ்சில் வந்த வியாதியால் சின்ன வயதிலேயே ஆட்டத்தை விட்டது. அவருக்குத் தெரியாதது அதில் ஒன்றுமே இல்லை. "ம், ம்" என்று ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் தானே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகவும், என் பேரில் ஒரு மாலை போடுவதாகவும் சொன்னார்.

ராத்திரி மறுபடி கூப்பிட்டார். போட்டுவிட்டேன் என்றார். என்ன பூ என்று கேட்டேன்.

"ரஜினிகந்தா" என்றார். பிறகு, "உங்க ஊர்ல அதுக்கு என்ன பேரு?"

"சம்பங்கி" என்றேன். எங்கள் பக்கத்துக் காட்டில் விளைந்து, விடியக்காலம் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாகப் போகிற பூ.